மேலே வந்த எலும்பு ஆஸ்பத்திரி

கருங்காலிப்பேட்டையில் டாக்டர் குமரகுருபரனின் எலும்பு ஆஸ்பத்திரி தரையை விட்டு நான்கு விரற்கடை மேலே எழும்பியது ஒரு தை மாதச் செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணி வாக்கில். அதை முதலில் கண்டவள் வாசல் பெருக்குகிற காளியம்மாள். சுவரில் போய் முட்டவேண்டிய அவளுடைய விளக்குமாறு முட்டாமல் உள்ளே போய்க்கொண்டே இருந்தது, குனிந்து பார்த்தாள், கட்டடத்துக்கு அடியில் அந்தப் பக்கத்துத் தெரு தெரிந்தது, அங்கே ஒரு கோழி மேய்ந்துகொண்டிருந்தது, சரிதான், இனிமேல் அடியிலும் சேர்த்துப் பெருக்கச் சொல்வார்கள் என்று அவளுக்கு எரிச்சல் வந்ததே தவிர வேறொன்றும் தோன்றவில்லை.

அதற்கு முன்னால் பதினெட்டு வருஷம் அந்த ஆஸ்பத்திரி மற்ற கட்டடங்களைப் போலத் தரையில்தான் இருந்தது. சாரத்திலிருந்து விழுந்த கொத்தனார், லாரியிலிருந்து மூட்டையோடு சரிந்த லோடுமேன், தீப்பெட்டி ஆபீஸ் வேன் கவிழ்ந்து கை ஒடிந்த பெண்கள், மாடு முட்டியவர்கள், மாடியில் வற்றல் காயப்போடப் போய் வழுக்கியவர்கள், எல்லோரையும் அந்த வாசலில்தான் கொண்டுபோய் இறக்குவோம். டாக்டர் எலும்பைத் தொட்டுப் பார்த்து, இழுத்து, பொருத்தி, மாவுக்கட்டுப் போட்டு அனுப்புவார், ஆறு வாரம் கழித்து அவர்கள் மறுபடியும் சாரத்தில் ஏறுவார்கள். நல்ல கை என்று சொல்வோம். ஆனால் நல்ல கை என்று நாங்கள் சொன்னதெல்லாம் டீக்கடையில் சொன்னது, பஸ்ஸில் சொன்னது, வாயால் சொன்னது. அதை எங்கும் எழுதவில்லை.

சென்னையிலிருந்து அவருடைய மகள்தான் ஒருநாள் போன் செய்து சொன்னாள். “அப்பா, உங்க ஊர்ல எலும்பு டாக்டர்னு தேடினா முதல்ல பைபாஸ்ல இருக்கிற ஆட்டெலும்பு சூப் கடை வருது. ரெண்டாவது நாய்த் தீனி கடை. நீங்க மூணாம் பக்கத்துல இருக்கீங்க. அதுலயும் உங்க போட்டோ இல்ல, யாரோட பசு மாடோ நிக்குது.”

டாக்டர் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. நூற்றுக்கணக்கான தொடையெலும்பைச் சேர்த்த மனிதர், ஒரு சூப் கடைக்குக் கீழே கிடக்கிறோம் என்பதை அவரால் விழுங்க முடியவில்லை. அதுவரை தேடிப் பார்க்காதவர் அன்றிலிருந்து மணிக்கொரு தரம் தேடிப் பார்த்தார், ஒவ்வொரு தரமும் சூப் கடைக்காரர் கரண்டியோடு சிரித்துக்கொண்டு நின்றார்.

இப்படித்தான் சரண்ராஜ் வந்து சேர்ந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும், கத்தரித்த தாடி, வெள்ளை ஷூ, கோயம்புத்தூரில் ஆபீஸ். இணையப் பக்கங்களைத் தேடலில் மேலே கொண்டுவருவது அவன் தொழில். ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தவன் கட்டுப் போட்டுக் கிடந்த ஒருவரையும் பார்க்கவில்லை, சுவரில் பெயர்ப்பலகையை மட்டும் போட்டோ எடுத்தான்.

“சார், வைத்தியம் நல்லா பாக்குறது வேற, மேல வர்றது வேற” என்றான். “உங்க கை எப்படின்னு நோயாளிக்குத் தெரியும். தேடுற இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்? அதுக்குக் கையும் கிடையாது, எலும்பும் கிடையாது. அதுக்கு வார்த்தைதான்.”

“என்ன வார்த்தை?”

“ஜனங்க எந்த வார்த்தையப் போட்டுத் தேடுறாங்களோ அந்த வார்த்தை. அதையே சொல்லணும், திரும்பத் திரும்பச் சொல்லணும், சலிக்காமச் சொல்லணும்.”

சரண்ராஜ் சலிக்கவில்லை. கருங்காலிப்பேட்டையில் சிறந்த எலும்பு மருத்துவரைத் தேடுகிறீர்களா, கருங்காலிப்பேட்டையின் சிறந்த எலும்பு மருத்துவர் கருங்காலிப்பேட்டையிலேயே இருக்கிறார், கருங்காலிப்பேட்டையில் எலும்பு முறிந்தால் கருங்காலிப்பேட்டையின் சிறந்த எலும்பு மருத்துவமனைக்கு வாருங்கள் என்று பக்கம் பக்கமாக எழுதினான். அதைப் படித்துப் பார்த்த பெருமாள் கோயில் பட்டர், சகஸ்ரநாமத்திலாவது ஆயிரம் பெயரும் வேறு வேறு பெயர் என்று சொல்லிவிட்டுப் போனார். எழுதியது போதாதென்று, ஊர் பேர் தெரியாத இணையப் பக்கங்களையெல்லாம் டாக்டரைப் பற்றிப் பேசவைத்தான். ஏதோ ஒரு குளிர்தேசத்தில் மீன் தூண்டில் விற்கிற பக்கம்கூட முழங்கால் வலிக்கு எங்கள் டாக்டரைப் பார்க்கச் சொன்னது. மூன்றாம் பக்கத்திலிருந்து இரண்டாம் பக்கத்துக்குப் பெயர் நகர்ந்த அந்தச் செவ்வாய்க்கிழமைதான் கட்டடம் நான்கு விரற்கடை எழும்பியது. முதல் பக்கத்தில் கடைசி ஆளாக நுழைந்தபோது ஓர் ஆள் உயரம். நாய்த் தீனிக் கடையைத் தாண்டிய வாரம் தென்னை மரத்தின் உயரம்.

நாங்கள் அதிசயப்படவில்லை. மேலே வரணும், மேலே வரணும் என்று அத்தனை பேரும் சொல்லிக்கொண்டிருந்த ஒரு காலத்தில் ஒரு கட்டடம் மேலே வந்தால் அதில் அதிசயப்பட என்ன இருக்கிறது? மின்வாரியத்து ஆள் வந்து ஒயரை நீட்டிக் கட்டிவிட்டுப் போனார். நகராட்சி ஓவர்சியர் டேப்பைப் பிடித்துப் பார்த்து, கட்டடம் உள்ளது, இடம் மேலே, என்று கோப்பில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். கழிவுநீர்க் குழாய் நீளம் போதாமல் சில நாள் தெருவில் கொட்டியது, நாங்கள் குடை பிடித்துக்கொண்டு நடந்தோம். ஆஸ்பத்திரி இருந்த காலி இடத்தில் நல்ல நிழல் விழுந்ததால் தங்கபாண்டி தன் டீக்கடையை அங்கே மாற்றிக்கொண்டான், அவனைப் பார்த்து ஒரு பஜ்ஜி வண்டி வந்தது, பிறகு பைக் நிறுத்துமிடம் வந்தது, கல்யாணமான ஜோடிகள் கட்டடத்துக்கு அடியில் நின்று ஒரு கையை மேலே தூக்கி, ஆஸ்பத்திரியைத் தாங்கிப் பிடித்திருப்பது போலப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். வார்டு கவுன்சிலர் இசக்கிராஜா பஸ் ஸ்டாண்டில் ஒரு வளைவு கட்டி, ‘வானளாவிய மருத்துவ நகரம் வரவேற்கிறது’ என்று எழுதிவைத்தார். நகரம் என்று எங்கள் ஊரை அதற்கு முன்னால் யாரும் சொன்னதில்லை. எங்களுக்குக் கூச்சமாக இருந்தது, இரண்டே நாளில் அதுவும் போய்விட்டது.

பிறகு ராஜலட்சுமி கல்யாண மண்டபம் எழும்பியது, போலீஸ் தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கிற சென்டர் எழும்பியது, ஒரு அழகுநிலையம் ஒரே வாரத்தில் எழும்பி மறுவாரமே விழுந்து நொறுங்கியது. பெண் பார்க்க வருகிறவர்கள், மாப்பிள்ளை கடை எத்தனை அடியில் இருக்கிறது என்று கேட்டார்கள். தரையிலேயே கிடந்த எங்களுக்கு மூணாம் பக்கத்து ஆளுங்க என்று பெயர் வந்தது. அந்தப் பெயரை வைத்ததும் நாங்கள்தான், ஒருவரையொருவர் அப்படிச் சொல்லிச் சிரித்ததும் நாங்கள்தான்.

ஆனால் எலும்பு ஆஸ்பத்திரிக்கு ஒரு சிக்கல் இருந்தது. அதற்கு வருகிறவர்களுக்குக் கால் ஒடிந்திருந்தது.

வெல்டிங் பட்டறையில் சொல்லி இரும்புப் படி வைத்தார்கள். கட்டடம் எழும்ப எழும்பப் படி கூடிக்கொண்டே போனது. அறுபது படி, நூற்றுப்பத்து, இருநூற்று நாற்பது. லிஃப்ட் கம்பெனியிலிருந்து வந்தவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, ஒரே இடத்தில் நிற்கிற கட்டடத்துக்குத்தான் லிஃப்ட் வைக்க முடியும் என்று சொல்லிப் போய்விட்டார்கள். கடைசியில் ஒரு கப்பியும் பெரிய மூங்கில் கூடையும் கட்டி, இடுப்பில் அடிபட்ட வாழைக்காய் மண்டிக்காரர் ஒருவரை ஏற்றினார்கள். பாதி வழியில் காற்று அடித்துக் கூடை சுற்ற ஆரம்பித்தது. அவர் மேலே போய்ச் சேர்ந்தார், இடுப்பும் சரியானது, ஆனால் வீட்டுக்குப் போனதும் போனை எடுத்து ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒரு ஸ்டார் போட்டு, கூடையில் சுற்றியதில் மூன்று நாளாக வாந்தி என்று எழுதிவிட்டார். அன்று சாயங்காலம் கட்டடம் ஆறடி கீழே இறங்கியது, தண்ணீர்த் தொட்டி கவிழ்ந்தது, மருந்து அலமாரி சரிந்தது.

அரை மணி நேரத்தில் சரண்ராஜ் போனில் வந்தான்.

“சார், ஒரு விஷயம் கவனிச்சீங்களா? ஒரு ஸ்டார் போடுறவங்க எல்லாருமே வலியோட வர்றவங்கதான்.”

“எலும்பாஸ்பத்திரிக்கு வலியோடதானப்பா வருவாங்க.”

“வரட்டும் சார். வேண்டாங்கலை. ஆனா தானா ஏறி வரட்டும். ஏறி வர்றவங்கள மட்டும் பாருங்க. ஒரு மாசம் பார்ப்போமே.”

டாக்டர் அன்று போனை வைத்துவிட்டு வெகுநேரம் கைகளைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார் என்று சிஸ்டர் ஞானசௌந்தரி பின்னால் சொன்னாள். அவள் நாசரேத்துக்காரி, பதினான்கு வருஷமாக அங்கே நர்ஸ், டாக்டருக்கு அடுத்தபடியாக அந்த ஆஸ்பத்திரியில் எலும்பு தெரிந்தவள். கைகளைப் பிசைந்தார், ஆனால் மறுநாள் கூடையை அவிழ்க்கச் சொல்லிவிட்டார்.

அதன் பிறகு இருநூற்று நாற்பது படி ஏறக்கூடியவர்கள் மட்டும் மேலே போனார்கள். இருநூற்று நாற்பது படி ஏறக்கூடியவருக்கு எலும்பில் என்ன குறை இருக்கும்? அவர்களுடைய மூட்டைத் தட்டிப் பார்த்து, பால் குடிங்க, வெயில்ல நடங்க, என்று டாக்டர் சொன்னார். அவர்கள் ஜன்னலோரம் நின்று ஊரைப் பார்த்துவிட்டு, நல்ல காற்று என்று மகிழ்ந்து, இறங்கிப்போய் ஐந்து ஸ்டார் போட்டார்கள். அந்த ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்த ஒருவருக்குக்கூடக் கால் கோணவில்லை, ஒருவர்கூட நொண்டவில்லை, நூற்றுக்கு நூறு குணம் என்று சரண்ராஜ் பலகை எழுதிவைத்தான், அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. சூப் கடைக்காரர் ஒருவர்தான் இன்னும் மேலே இருந்தார்.

டாக்டர் மாவுக்கட்டுக் கலக்கி இரண்டு மாதம் ஆகிவிட்டது. காலையில் வந்து உட்கார்ந்து போனைப் பார்ப்பார், யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படிப்பார், மதிப்புக்குரிய வாடிக்கையாளருக்கு எங்கள் பணிவான நன்றி என்று ஒவ்வொருவருக்கும் பதில் எழுதுவார். அந்த விரல்களை அதற்குப் பயன்படுத்தினார்.

கால் ஒடிந்தவர்கள் எங்கே போவார்கள்? வழக்கம் போல அங்கேதான் வந்தார்கள். ஆட்டோவிலும் தள்ளுவண்டியிலும் வந்து இறங்கி, அண்ணாந்து பார்த்து, நிழலில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டார்கள். ஞானசௌந்தரி மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இறங்கிவந்து, மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, முடிந்தவர்களை அரசு ஆஸ்பத்திரிக்கு நாற்பது கிலோமீட்டர் அனுப்பிவைப்பாள். தங்கபாண்டி அவர்களுக்கு டீ விற்றான். நாங்கள் அவர்களைத் தாண்டிப் போய் பஜ்ஜி சாப்பிட்டோம்.

வைகாசியில் வெள்ளைச்சாமி விழுந்தான். கொத்தனார், அதே ராஜலட்சுமி மண்டபத்துக்கு, அது எழும்பிப்போன இடத்தில், புதிதாக அஸ்திவாரம் போட்டுச் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தார்கள், மேலே நின்ற மண்டபத்திலிருந்து ஒரு செங்கல் அவன் சாரத்தில் விழுந்து சாரம் சரிந்தது. வலது தொடையெலும்பு இரண்டாக ஒடிந்து கால் வேறு பக்கம் பார்த்தது. தள்ளுவண்டியில் கொண்டுவந்து நிழலில் போட்டார்கள். ஞானசௌந்தரி தொட்டுப் பார்த்தவுடனே மேலே போன் செய்தாள்.

“சார், இது என்னால ஆகாது. நீங்க இறங்கி வந்துதான் ஆகணும். ரத்தம் உள்ளே கட்டுது.”

“ஏற்றிவர முடியாதா சிஸ்டர்?”

“எப்படி சார் ஏத்துறது? கூடையத்தான் அவுத்துட்டீங்களே.”

“சரண்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வர்றேன்” என்றார் டாக்டர்.

வெள்ளைச்சாமியின் மனைவி பூரணம் தெரு நடுவில் போய் நின்றுகொண்டாள். அவள் சித்தாள் வேலைக்குப் போகிறவள், கணவன் விழுந்த இடத்திலிருந்து அப்படியே ஓடிவந்திருந்தாள், தலையில் சும்மாடு அவிழாமல் இருந்தது. அண்ணாந்து கத்தினாள். “டாக்டரய்யா! அய்யா! எங்க வீட்டுக்காரருக்குக் கால் போச்சு அய்யா! ஒரே ஒரு தடவை இறங்கி வாங்க அய்யா!” ஜன்னலில் டாக்டரின் முகம் தெரிந்தது, அவ்வளவு உயரத்தில் அது ஒரு சட்டைப் பொத்தான் அளவுதான் இருந்தது. அவள் கத்தினாள், கும்பிட்டாள், மண்ணை வாரித் தூற்றினாள், மறுபடியும் கும்பிட்டாள். நாங்கள் சுற்றி நின்று பார்த்தோம். பத்து நிமிஷம் கழித்து ஜன்னல் சாத்திக்கொண்டது.

ஞானசௌந்தரியின் போனுக்குச் செய்தி வந்தது: இறங்கி ஏற ஒரு மணி நேரமாகும், மேலே ஏழு பேர் காத்திருக்கிறார்கள், அவர்கள் முகம் சுளித்தால் கணக்கெல்லாம் மாறிவிடும், அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுங்கள்.

அனுப்பினார்கள். போய்ச் சேரச் சாயங்காலமானது, அறுவைக்கு முறை வர இரண்டு நாளானது. வெள்ளைச்சாமி பிழைத்தான், ஆனால் வலது கால் இரண்டு அங்குலம் குட்டையாகிவிட்டது, சாரத்தில் ஏற ஆகாது. ஞானசௌந்தரி அன்றோடு மேலே போவதை நிறுத்தினாள். தன் வீட்டு முன்னறையில் ஒரு பெஞ்சைப் போட்டுக் கட்டுக் கட்ட ஆரம்பித்தாள். காளியம்மாளும் போகவில்லை, படியேறிப் பெருக்க என் முழங்கால் என்ன இரும்பா என்று கேட்டாள்.

ஆவணி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு சூப் கடை தோற்றது.

டாக்டர் அப்போது மேலே தனியாக இருந்தார். ஞாயிறு யாரும் வருவதில்லை, ஆனாலும் அவர் போயிருந்தார், முதலிடம் இன்று வரும் என்று சரண்ராஜ் சொல்லியிருந்தான். வந்ததும் மாட்டுவதற்காக முன்கூட்டியே அனுப்பியிருந்த சான்றிதழைக் கண்ணாடிச் சட்டத்தோடு எடுத்துக்கொண்டு, ஸ்டூலில் ஏறி, ஆணியைத் தேடிக்கொண்டிருந்தார். கட்டடம் வழக்கமாக மெல்ல எழும்பும்; அன்று வேகத்தடையில் ஏறின பஸ்ஸைப் போல ஒரே துள்ளாகத் துள்ளியது. இரும்புப் படி நடுவில் பிய்ந்து, கீழ்ப்பாதி தெருவில் சாய்ந்தது, நல்லவேளை பஜ்ஜி வண்டி அன்று லீவு. ஆஸ்பத்திரி மேகம் தொடுகிற உயரத்துக்குப் போய் நின்றது. இசக்கிராஜா இரண்டாயிரம் வாலா வெடித்தார்.

வெடிச் சத்தத்தில் டாக்டர் விழுந்த சத்தம் எங்களுக்குக் கேட்கவில்லை.

முழங்காலுக்குக் கீழே இடது கால் ஒடிந்திருந்தது. தொட்டுப் பார்த்தார், இரண்டு எலும்பும் என்று அவருக்கே தெரிந்தது. மாவுக்கட்டு மருந்து இறுகிக் கல்லாகிக் கிடந்தது. வலிமாத்திரை இல்லை, கால்சியம் மாத்திரைதான் இருந்தது. போனை எடுத்து ஒரே ஒரு ஸ்டார் போட்டு, விழுந்து கிடக்கிறேன், பார்க்க ஆளில்லை, என்று எழுதி அனுப்பினார். உரிமையாளர் தன்னுடைய நிறுவனத்துக்குத் தானே மதிப்பிட முடியாது என்று பதில் வந்தது. அப்புறம்தான் ஞானசௌந்தரியைக் கூப்பிட்டார்.

“சிஸ்டர், கால் ஒடிஞ்சிடுச்சு.”

“யாருக்கு சார்?”

“எனக்கு.”

அவரே தொடர்ந்து சொன்னார். “ஊர்ல சொல்லுங்க. உள்ளதை எழுதச் சொல்லுங்க. எழுதினாத்தான் இது இறங்கும்.”

ஞானசௌந்தரி தெருவுக்கு வந்து எங்களிடம் சொன்னாள். நாங்கள் யோசித்தோம். தங்கபாண்டி நிழலைப் பற்றி யோசித்தான். இசக்கிராஜா, இன்றைக்குத்தானே முதலிடம் வந்திருக்கிறது, ஒரு வாரமாவது இருக்கட்டுமே, கலெக்டரை அழைத்திருக்கிறேன், அதுவரை ஹெலிகாப்டர் ஏதாவது கிடைக்குமா பார்ப்போம் என்றார். “நம்ம ஊருக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதான் சிஸ்டர். அதையும் நாமளே இறக்கணுமா?” என்று கேட்டார். கேட்டதில் நியாயம் இருப்பதாக எங்களுக்குப் பட்டது. டாக்டர் நல்ல மனிதர், பொறுத்துக்கொள்வார் என்று சொல்லி நாங்கள் போன்களைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டோம்.

அவள் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு திரும்பி, நிழலில் பாய் விரித்துப் படுத்துப் போனவர்களை வீடு வீடாகத் தேடிப் போனாள். பதினோரு பேர் தேறினார்கள். கடைசியாக வெள்ளைச்சாமியின் வீட்டுக்குப் போனாள்.

பூரணம் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கேட்டுவிட்டு, “கிடக்கட்டும்” என்றாள்.

“பூரணம்.”

“நான் தெருவில நின்னு கத்தினேனே சிஸ்டர், ஜன்னலைச் சாத்தினாரே. அவரைக் காப்பாத்த நான் எழுதணுமா?”

“காப்பாத்தன்னு எழுத வேண்டாம். கத்தினேன், சாத்தினாருன்னு எழுது. அதுதான் வேணும்.”

பூரணம் கீரையைக் கீழே வைத்தாள். “எனக்கு எழுத வராது.”

“பேசினா அதுவே எழுதிக்கும்.”

உள்ளேயிருந்து வெள்ளைச்சாமி கம்பை ஊன்றி வந்து கதவோரம் நின்றான். “சொல்லிருடி” என்றான். “வசவு வேண்டாம். நடந்ததை மட்டும் சொல்லு.”

பூரணம் போனை வாய்க்கு நேரே, சோற்றுத் தட்டைப் போல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னாள். வைகாசி பதினாலாம் தேதி என்று ஆரம்பித்தாள். சாரம் சரிந்தது, கால் திரும்பிப்போனது, தள்ளுவண்டி, நிழல், எத்தனை தடவை கும்பிட்டாள், ஜன்னல், நாற்பது கிலோமீட்டர் ரோட்டில் எத்தனை பள்ளம், ஒவ்வொரு பள்ளத்திலும் அவன் எப்படிக் கத்தினான், இப்போது கால் எவ்வளவு குட்டை. ஒன்றைக் கூட்டவில்லை, ஒன்றைக் குறைக்கவில்லை. அவள் சொல்லச் சொல்ல, தெருமுனையில் நின்ற நாங்கள் பார்த்தோம், மேகத்திலிருந்து கட்டடத்தின் அடிப்பாகம் வெளியே வந்தது.

பதினோரு பேரும் சொன்னார்கள். ஒவ்வொருவர் சொல்லி முடிக்கும்போதும் ஆஸ்பத்திரி ஒரு பனை உயரம் இறங்கியது. கோயம்புத்தூரில் இருந்து சரண்ராஜ் இதைக் கண்டுகொண்டான். எங்கெங்கோ இருக்கிற, எலும்பே ஒடிந்திராத ஐம்பது பேரைப் பிடித்து ஐந்து ஸ்டார் போடவைத்தான், கட்டடம் சரசரவென்று மறுபடியும் மேலே போனது. இவர்கள் சொல்ல இறங்கியது, அவன் போட ஏறியது, கிணற்று வாளி மாதிரி அது ஏறி இறங்க, உள்ளே ஒடிந்த காலோடு தரையில் உருண்டுகொண்டிருந்த டாக்டர் போனைத் தேடிப் பிடித்தார்.

“சரண், நிறுத்துங்க.”

“சார், பதறாதீங்க. பத்தே நிமிஷம், திரும்ப முதலிடத்துக்குக் கொண்டாந்துடுறேன்.”

“நிறுத்துங்கன்னேன்.”

“சார், எட்டு மாச உழைப்பு சார்.”

“அவங்க சொல்றது எல்லாம் நடந்ததுப்பா” என்றார் டாக்டர். அவர் அழுதுகொண்டிருந்தார், வலியிலா வேறெதிலா என்று சரண்ராஜுக்குத் தெரியவில்லை, அவன் தொழிலில் அது தேவைப்படவும் இல்லை. ஆனால் நிறுத்திவிட்டான்.

மாலை நாலரை மணிக்கு ஆஸ்பத்திரி தரைக்கு வந்தது. பழைய இடத்தில் சரியாகப் பொருந்தவில்லை, ஒரு முழம் கிழக்கே தள்ளி, தங்கபாண்டியின் டீக்கடை மேலேயே உட்கார்ந்தது. அவன் பாய்லரை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டான். ஞானசௌந்தரி உள்ளே போனாள். டாக்டர் சொல்லச் சொல்ல அவள் இழுத்தாள். அவர் கத்தியது மூன்று தெருவுக்குக் கேட்டது. வாசலில் வந்து நின்றிருந்த பூரணம் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, கீரை வாடிவிடும் என்று திரும்பிப் போனாள்.

ஊரின் பெருமையைக் கெடுத்ததற்காக ஞானசௌந்தரிக்குக் கண்டனம் தெரிவித்து நகராட்சியில் தீர்மானம் வந்தது. கொண்டுவந்தவர் இசக்கிராஜா, கைதூக்கியவர்கள் அத்தனை பேரும். கேட்டுக்கொண்டிருந்த நாங்களும் கைதட்டினோம். அதன் பிறகு எங்கள் ஊரைப் பற்றி யாரும் பேசவில்லை, தேடினால் சூப் கடை வந்தது, வளைவில் இருந்த எழுத்துகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து ‘வா நகரம்’ என்று நின்றது.

டாக்டர் மூன்று மாதம் கழித்துக் கம்பை ஊன்றி நடக்க ஆரம்பித்தார். முதல் நாளே வெள்ளைச்சாமியின் வீட்டுக்குப் போய் வாசலில் நின்றார். அவர்கள் உட்காரச் சொல்லவில்லை, அவரும் மன்னிப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, காலைப் பார்க்கலாமா என்று மட்டும் கேட்டார். பார்த்தார். அதில் இனிச் செய்ய ஒன்றுமில்லை, செருப்பின் அடியை உயர்த்தித் தைத்துக்கொண்டால் இடுப்பு வலி குறையும் என்றார். அளவெடுத்துக்கொண்டு போனார். செருப்பு வந்தது. வெள்ளைச்சாமி அதைப் போட்டுக்கொண்டு நடக்கிறான், ஆனால் ஆஸ்பத்திரித் தெரு வழியாகப் போவதில்லை.

கார்த்திகையில் நல்ல மழை. இசக்கிராஜா வளைவின் எழுத்துகளைத் திரும்ப ஒட்டுவதற்கு ஏணியில் ஏறினார், தானே ஒட்டினால் போட்டோவுக்கு நன்றாக இருக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஏணி வழுக்கியது. கணுக்கால் பக்கவாட்டில் திரும்பிவிட்டது. நாலு பேர் தூக்கி வந்து ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினோம், படி ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதையும் தூக்கியே தாண்டவைத்தோம்.

டாக்டர் கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, மேசையோரம் நின்று, காலை இரண்டு கையாலும் பற்றினார். ஞானசௌந்தரி முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். மாவுக்கட்டுத் துணி வாளியில் ஊறிக்கொண்டிருந்தது.

“வலிக்குது டாக்டர்! யோவ், வலிக்குதுய்யா!” என்று இசக்கிராஜா அலறினார். “விடுய்யா! நான் யாருன்னு தெரியுமா? ஒரு ஸ்டார்தான் போடுவேன்! சத்தியமா ஒரு ஸ்டார்தான்!”

“போடுங்க” என்று சொல்லிவிட்டு டாக்டர் இழுத்தார்.